வலைத்தட்டுக்குப் பின்னால் பதுங்கிய கிருமி

முதலில் கெண்டைக்காலில் பூச்சி கடித்ததுபோல் ஒரு சின்னத் தடிப்பு. நாளாக ஆக அது கட்டியாகப் பெருத்து, உடைந்து, சீழ் வடிகிறது. மருந்து சாப்பிட்டும் ஆறுவதாக இல்லை. 2000 செப்டம்பரில், அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவர் இப்படிப்பட்ட நான்கு நோயாளிகளைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். வழக்கமான ஆய்வகச் சோதனைகளில் எந்தக் கிருமியும் பிடிபடவில்லை. நால்வரும் ஒரே நகப் பராமரிப்பு நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்டவர்கள்.

தேடத் தேட, அந்தக் கடைக்கு வந்துபோன 110 பேரின் கால்களில் கட்டிகள் இருந்தது தெரிந்தது. ஒருவருக்கு 37 கட்டிகள்! காரணம், மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம். காசநோய்க் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்வது. குழாய்த் தண்ணீரில் போடும் குளோரினையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

கடையில் இருந்தவை தண்ணீரைச் சுழற்றிப் பீய்ச்சும் கால் தொட்டிகள். உறிஞ்சும் துளையை மூடியிருந்த வலைத்தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் அடைந்து கிடந்தன. கிருமி குடித்தனம் நடத்த அதுவே போதும். பத்துத் தொட்டிகளைச் சோதித்தார்கள். பத்திலும் அதே கிருமி. மேலே பளிச்சென்று துடைத்த தொட்டி, உள்ளே இப்படி!

ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. கட்டி வந்தவர்களில் 70 சதவீதம் பேர் பெடிக்யூருக்கு முன் காலை ரேசரால் மழித்திருந்தார்கள். கட்டி வராதவர்களில் அது 31 சதவீதம்தான். ரேசர் போடும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. கிருமி நுழைய அந்த வழி தாராளம். பலருக்கு நோய் தீர மாதக்கணக்கில் ஆனது; தழும்பும் தங்கிவிட்டது.

இதன்பின் கலிஃபோர்னியா விதிகளை இறுக்கியது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எழுந்ததும் தண்ணீரை வடித்து, தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். தினமும் வலைத்தட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆனாலும் 2004-இல் அதே மாநிலத்தின் சான்டா கிளாரா வட்டாரத்தில் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். விதி ஏட்டில் இருந்தால் போதாது.

அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கும்போது முதலில் பலியாவது அந்தப் பத்து நிமிடம்தான். அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. "தொட்டியைக் கழுவியாச்சா? வலைத்தட்டைக் கடைசியா எப்போ கழற்றினீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள். குழாய் இல்லாத வெறும் பேசின் இருந்தால் அதையே கேளுங்கள், கழுவுவது சுலபம். பெடிக்யூருக்குப் போவதற்கு முன் காலை மழிக்காதீர்கள். புண்ணோ கீறலோ இருந்தால், ஆறிய பிறகு போங்கள். அதையும் மீறிக் கட்டி வந்தால், பெடிக்யூர் செய்துகொண்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்தக் கிருமிக்குத் தனிச் சோதனையும் தனி மருந்தும் தேவை. அந்த ஒரு தகவல் பல வார வேதனையை மிச்சப்படுத்தும்.