மேகத்தின் கருவில் புகை

வானத்தில் வெள்ளையாக மிதப்பது நீராவி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீராவி கண்ணுக்கே தெரியாது. குக்கர் விசில் அடிக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். வெயிட் தூக்கிய இடத்தை ஒட்டி விரற்கடை அளவுக்கு ஒன்றுமே இருக்காது. அதற்கு மேல்தான் வெள்ளையாகப் பொங்கும். ஒன்றுமில்லாதது போலத் தெரிகிற அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது, அது ஆறித் துளியாகிவிட்ட தண்ணீர். மேகமும் அப்படித்தான். கீழே இருந்தால் திரவம், நல்ல உயரத்துக்குப் போனால் பனிக்கட்டித் துகள்.

வெயில் நாளில் தனியாக நிற்கும் ஒரு சாதாரண மேகத்தை எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 1 கிலோமீட்டர். ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணீர் என்று வைத்தாலும் மொத்தம் 500 டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் நாற்பது லாரிக்கு மேல் வரும். இவ்வளவும் தலையில் விழாமல் நிற்கக் காரணம், ஒவ்வொரு துளியும் 0.02 மில்லிமீட்டர்தான். விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கப் பார்க்கும். கீழிருந்து எழும் சூடான காற்று அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. அங்கே போனதும் துளிகளெல்லாம் உறைந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். உறையாது! ஒட்டிக்கொண்டு உறைய ஏற்ற தூசு கிடைக்காவிட்டால் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் தண்ணீராகவே இருக்கும். அதனால் ஒரு பெரிய இடிமேகத்துக்குள் வாயு, திரவம், திடம் மூன்றும் ஒரே நேரத்தில் குடியிருக்கின்றன.

உறைவதற்கு மட்டுமில்லை, துளியாவதற்கே தூசு வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மூடி, அழுத்தி விடுங்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்போது ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைப் பாட்டிலுக்குள் விட்டு மூடி, மறுபடி அழுத்தி விடுங்கள். உள்ளே பொசுக்கென்று வெண்மை படரும். அழுத்தினால் மறையும், விட்டால் திரும்ப வரும். அதுதான் மேகம். 1875-ல் பாரிஸிலும், அடுத்த சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்திலும் கண்ணாடிக் குடுவையில் இதைத்தான் செய்துபார்த்தார்கள். காற்றை வடிகட்டி உள்ளே விட்டபோது மூட்டம் உண்டாகவில்லை.

கடலுப்பு, மண்தூசு, காட்டு மரங்கள் விடும் ஆவியிலிருந்து உண்டாகும் நுண்துகள் என்று இயற்கை இதற்கான கரு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது, நாம் கூடுதலாகக் கொடுக்கும் புகை. நூறு பேருக்கு வடித்த சோற்றை ஆயிரம் இலையில் போட்டால் யார் வயிறும் நிறையாது. தூசு பெருகினால், இருக்கிற ஈரத்தை எல்லாத் துகளும் பங்குபோட்டுக்கொள்ளும். துளிகள் எண்ணிக்கையில் கூடி, அளவில் சிறுத்துவிடும். ஒரு மழைத்துளி உருவாகச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் மோதிச் சேர வேண்டும். சிறுத்த துளிகளோ மோதாமல் நழுவிப் போகும்.

அமேசானில் காட்டை எரிக்கும் பருவத்தில் விமானத்தில் பறந்து இதை அளந்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான கணக்குப்படி, சுத்தமான காற்றில் மேகம் தன் அடியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வளர்ந்ததுமே மழைத்துளி பிடிக்கிறது. புகை கலந்த மேகம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வளர வேண்டியிருக்கிறது. நம் வாசலுக்கும் இது தூரமில்லை. 1999-ல் மாலத்தீவைத் தளமாக வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வில், இந்துமாக்கடலின் வடபகுதி மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டம் படர்ந்திருந்தது தெரியவந்தது. அதில் பெரும்பங்கு தெற்காசியா அனுப்பிய புகை.

மேகம் தரையிலேயே உட்கார்ந்தால் அதற்குப் பெயர் மூடுபனி. மார்கழிக் கடைசியின் ஈரக்காற்றில் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி அதை நாமே தயாரிக்கிறோம். 2018 போகியன்று சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அடுத்த போகிக்கும் பழைய பாய் எரியத்தான் போகிறது. டயரையாவது விட்டுவைக்கலாமே.

புகையால் இடிமேகம் இன்னும் வீரியமாகி மழை கூடும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இருக்கட்டும். எப்போது, எந்த ஊரில் கொட்டும் என்று நாம் கேட்டு வாங்க முடியுமா?

தூளைத் தூவி மழையை வரவழைக்கும் ஆசையும் பழையதுதான். மைனஸ் வெப்பநிலையிலும் உறையாத துளிகளுக்குச் சில்வர் அயோடைடைக் கொடுத்தால் அவை உறைந்து கனத்துக் கீழே விழும் என்பது கணக்கு. அமெரிக்காவில் 1946-ல் தொடங்கியது இந்த முயற்சி. தமிழ்நாட்டிலும் எண்பதுகளிலும் 1993-94லும் விமானம் ஏற்றிப் பார்த்தோம். 2025 அக்டோபரில் டெல்லியில், புகையைக் கழுவ மழை வேண்டுமென்று மேகத்தில் தூவினார்கள். மேகத்தில் ஈரம் போதவில்லை, சொல்லிக்கொள்ளும்படி மழையும் இல்லை. தூளுக்கு டெல்லியில் என்றைக்குப் பஞ்சம் இருந்தது?