கடல் காட்டும் பொய்யமைதி

கடல் நீராடுவோரை மாய்ப்பது பேரலை என்றே பலர் எண்ணுகின்றனர். பேரலையினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்புதல் வேண்டுமன்றோ? அது மணற்றிட்டுக்களிடையே ஒடுங்கிய வழியொன்றைக் கண்டு விரைந்து பாயும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. நீர் சற்றே கருமையாய், அமைதியாய்த் தோன்றும். அதை நம்பியே சிறுவர் அங்கு இறங்குகின்றனர். அவ்வோட்டத்தின் வேகம் சிலவேளை செக்கனுக்கு 2 மீற்றரையும் விஞ்சும். தேர்ந்த நீச்சல் வீரனும் அதனை எதிர்த்தல் அரிது.

அது மனிதரைக் கடலினுள் இழுக்குமேயன்றி நீரின் கீழே அமிழ்த்துவதில்லை. எதிர்த்துப் போராடிக் களைப்பவரே அமிழ்கின்றனர். ஆதலின் மல்லாந்து மிதந்து கையசைத்து உதவி கோருக. இயலுமாயின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டபின் அலைகளோடு கரை சேர்க. பிள்ளையைக் காக்கப் பாய்ந்த தந்தையும் உடன் மாண்ட துயரங்கள் பல. மூடிய வெற்றுக் கலனையோ கயிற்றையோ எறிதலே நன்று.

சோழகக் காலமாகிய மே முதல் செப்டெம்பர் வரை கல்கிசை, வெள்ளவத்தைக் கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் நிலாவெளி, கல்லடிக் கடல். பாசிக்குடா ஆழங் குறைந்ததாயினும், எக்கரையிலும் இறங்குமுன் அவ்வூர்க் கடற்றொழிலாளரை ஒரு வார்த்தை கேளுங்கள். இழுவை அன்று எப்பக்கம் என்பதை அவர்கள் பார்த்தமாத்திரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.