போல்ட்டின் இறுக்கமும் துருவின் தடையும்

பிரிட்டனில் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த மினி என்னும் சிறு காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அதன் உடலின் அடியில், சப்ஃப்ரேம் எனப்படும் துணைச்சட்டங்கள் இரண்டு உள்ளன. முன்சட்டம் எஞ்சினையும் முன்சக்கரங்களையும், பின்சட்டம் பின்சக்கரங்களையும் தாங்குகின்றன. பழைய மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும் அதனைப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்றும் உளர். மழைநீரும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் பின்சட்டத்தை அரித்துவிடுவதால், அதனைக் கழற்றி மீண்டும் பூட்டுவது அவர்களுக்குப் பழகிய பணி. அப்போது போல்ட்டுகளைத் துருவினின்று காப்பது எவ்வாறு?

போல்ட் இறுக்கப்படும்போது விறைப்பான வில்சுருள் போலச் சற்றே நீளுகிறது. பழைய நிலைக்கு மீள முயலும் அதன் விசையே இரு பாகங்களையும் பற்றி நிறுத்துகிறது. ஸ்பானரால் நாம் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இவ்விழுவிசையாக மாறும். எஞ்சியது தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகச் செலவாகிறது. மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறையும். அதே முறுக்கில் இழுவிசை மிகும். போல்ட் மீளாத அளவுக்கு நீண்டுவிடவும் கூடும். எனவே உலர்ந்த மரைக்கெனக் குறித்த முறுக்கினை எண்ணெயிட்ட மரைக்குப் பயன்படுத்தலாகாது. தயாரிப்பாளரின் கையேடு கூறும் நிலையிலேயே மரை இருத்தல் வேண்டும்.

நுண்ணிய இடுக்குகளில் நீர் தானே ஏறித் தங்குகிறது. அங்கு தோன்றும் துரு, அழிந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், போல்ட் கழலாமல் இறுகிவிடுகிறது. துத்தநாகப் பூச்சு தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டோ, வண்ணம் உரிந்த இடத்திலுள்ள தகட்டின் அரிப்பை விரைவுபடுத்தக்கூடும்.

ஆகவே முதலில் துருவைச் சுரண்டி, மரைகளைத் துப்புரவு செய்க. வெறும் உலோகத்திற்கு வண்ணம் பூசி உலரவிடுக. போல்ட்டின் தலைக்கடியில் தடித்த பூச்சு கூடாது. அது நசுங்கினால் இறுக்கம் தளரும். முன்னிருந்த அதே வலிமையுடைய, துத்தநாகம் பூசிய புதிய போல்ட்டுகளை டார்க் ரெஞ்சினால் இறுக்குக. அதன் பின்னரே தலை, நட்டு, வெளியே நீண்ட மரை, இணைப்பின் விளிம்பு ஆகியவற்றின்மீது மெழுகுக் காப்பினைப் பூசுக. நீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாகாது. இயற்கை ரப்பர் தாங்கிகளில் எண்ணெய் படின் அவை உப்பிக் கெடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஓர் ஆணியை வெறுமையாகவும், இன்னொன்றைத் துத்தநாகத் தகடு சுற்றியும், மற்றொன்றை மெழுகில் தோய்த்தும், உப்புநீர் கொண்ட தனித்தனிக் குவளைகளில் இட்டுச் சில நாள் நோக்கினால் வேறுபாடு புலனாகும். களப் பணியாளரின் ஜீப்புக்கும் பம்புக்கும் இவ்விதியே பொருந்தும்: இறுக்கம் முதலில், காப்பு பின்னர்.