கரி பூசி ஆடிய நாடகம்!

19-ம் நூற்றாண்டில் அமெரிக்க மக்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தது ஒரு நாடகம். அதற்கு "மின்ஸ்ட்ரல்" என்று பெயர்.

ஆடியவர்கள் வெள்ளைக்காரர்கள். ஆனால், அவர்கள் போட்டதோ கறுப்பர் வேடம்! புட்டித் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி, அதைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் பகுதியில் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஆடுமாடுகளைப் போல அவர்களை ஏலம் போட்டு விற்றார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். மேடையிலோ, அதே கறுப்பர்கள் கவலையே இல்லாமல் ஆடிப் பாடும் கோமாளிகளாகக் காட்டப்பட்டார்கள்!

ஜிம் குரோ

தாமஸ் ரைஸ் என்ற நடிகர், 1830-ம் ஆண்டு வாக்கில் "ஜிம் குரோ" என்ற வேடம் போட்டார். கந்தல் உடை அணிந்து, உடலை வளைத்துத் துள்ளித் துள்ளி ஆடினார். 1832-ல் நியூயார்க்கில் அவருடைய ஆட்டத்தைக் காணக் கூட்டம் அலைமோதியது. 1836-ல் லண்டனுக்கும் போய் ஆடினார்.

1843-ல் நான்கு பேர் சேர்ந்து "வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்" என்ற குழுவைத் தொடங்கினார்கள். பிடில், பாஞ்சோ, டாம்பரின், எலும்புத் தாளம் ஆகியவை அவர்களுடைய வாத்தியங்கள். இதில் பாஞ்சோ, ஆப்பிரிக்காவில் இருந்து வந்த கறுப்பர்களின் வாத்தியம்!

பின்னர் வந்த குழுக்கள் அரை வட்டமாக உட்கார்ந்தன. நடுவில் இருப்பவர் மிடுக்காகக் கேள்வி கேட்பார். இரு ஓரத்திலும் இருப்பவர்கள் குதர்க்கமாகப் பதில் சொல்வார்கள். கொட்டகையே சிரிப்பால் அதிரும்.

நம்பிய மக்கள்

பார்க்க வந்தவர்களில் தொழிலாளர்களும் மாலுமிகளும் ஏராளம். வட பகுதி நகரங்களைச் சேர்ந்த பலர், தோட்டத்து அடிமைகளை நேரில் கண்டதே இல்லை. அதனால் மேடையில் கண்டதையே உண்மை என்று நம்பினார்கள்.

இதை ஒருவர் துணிந்து எதிர்த்தார். அவர் பெயர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி வந்தவர். "எங்கள் நிறத்தைத் திருடிக் காசு பண்ணுகிறார்கள்" என்ற பொருளில், 1848-ல் தம்முடைய பத்திரிகையில் சாடினார்.

கறுப்பருக்கும் கரி!

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. கறுப்பர்களே நாடகக் குழுக்கள் நடத்தினார்கள். நல்ல பாடகர்களும் நடனக்காரர்களும் புகழ் பெற்றார்கள். ஆனால், கூட்டம் பழைய கோமாளியைத்தான் எதிர்பார்த்தது. பிழைப்புக்காகக் கறுப்பர்களில் பலரும் தங்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டார்கள்!

சிரிப்பு அதோடு முடியவில்லை. கறுப்பருக்குத் தனி ரெயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம் என்று தென் மாநிலங்கள் சட்டம் போட்டன. அந்தச் சட்டங்களுக்கு மக்களிடையே வழங்கிய பெயர் என்ன தெரியுமா? "ஜிம் குரோ சட்டங்கள்!"

பொது இடங்களில் கறுப்பரை ஒதுக்குவதற்கு 1964-ல்தான் நாடு முழுவதும் தடை வந்தது. ரைஸ் முதன்முதலில் அந்த வேடம் போட்டு, அதற்குள் 130 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.