சுற்றுகிறது, ஆனால் சூடாகவில்லை!

டிசம்பர் மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி போட வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், போட்டபோது இருந்த அதே ஈரம். இயந்திரம் வழக்கம்போலச் சத்தம் போட்டுச் சுற்றியது. விளக்குகள் எரிந்தன. சூடு மட்டும் இல்லை.

மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் சிறிது நேரத்திலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “மிஷின் கெட்டுப்போகலக்கா. அதுவே சூட்டை நிறுத்திக்கிட்டிருக்கு. ஏன் நிறுத்துச்சுன்னுதான் பாக்கணும்” என்று என் மனைவியிடம் சொன்னார்.

மாணவர்களே, அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள ஆவியாதல், மின்சுற்று, வெப்பம் ஆகிய மூன்று பாடங்கள் போதும். மூன்றும் உங்கள் உயர்நிலைப் பள்ளி அறிவியல் புத்தகத்தில் இருப்பவைதான்.

சூடு எதற்கு?

எங்கள் வீட்டில் இருப்பது காற்றை வெளியே தள்ளும் வகை. மின்விசிறி ஒன்று அறையிலுள்ள காற்றை உள்ளே இழுக்கும். வெப்பமூட்டி அதைச் சூடாக்கும். சூடான காற்று, சுழலும் உருளைக்குள் புகுந்து துணியிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு பஞ்சுப் பிசிறைப் பிடிக்கும் வடிகட்டியைக் கடந்து, பின்பக்கக் குழாய் வழியாக வெளியேறும்.

30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழை நாளில் ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால், அதில் 27 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மீதி 3 கிராமுக்குத்தான் இடம். ஆனால் 60 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 130 கிராம் நீராவியைத் தாங்கும். சூடேற்றுவது என்பது காற்றில் நீராவிக்கு இடம் உண்டாக்குவது.

நீர் ஆவியாக வெப்பமும் வேண்டும். இதை உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். சாதாரண உலர்த்தும் வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் தேவை. சலவை இயந்திரம் பிழிந்து கொடுத்த துணியில் 2 கிலோகிராம் நீர் மிச்சமிருப்பதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படுவது 48 இலட்சம் ஜூல். 2,000 வாட் வெப்பமூட்டி வினாடிக்கு 2,000 ஜூல் தரும். 48,00,000 ÷ 2,000 = 2,400 வினாடி, அதாவது 40 நிமிடம். வெப்பத்தில் ஒரு பகுதி வீணாவதால் உண்மையில் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். வெப்பமே இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் சுற்றினாலும் மழைநாளில் துணி காயாது.

ஒரு பெட்டி, இரண்டு மின்சுற்றுகள்

உருளையையும் விசிறியையும் சுற்றுவது மோட்டார். சூடாக்குவது வெப்பமூட்டி. இவை பக்க இணைப்பில் உள்ள இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று வேலை செய்யும்.

ஆகவே “சுற்றுகிறது, சூடாகவில்லை” என்ற செய்தியே பாதிப் பரிசோதனையை முடித்துவிடுகிறது. சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது. பிளக்கினுள் இருக்கும் 13 ஆம்பியர் உருகி நன்றாக இருக்கிறது. அது போயிருந்தால் மோட்டாரும் நின்றிருக்கும். கதவுச் சுவிட்சும் மோட்டாரும் நலம். மிஞ்சியது வெப்பமூட்டியின் பாதை மட்டும்.

இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பெரும்பாலான மின் உலர்த்திகளில் மோட்டார் 120 வோல்ட்டிலும் வெப்பமூட்டி 240 வோல்ட்டிலும் இயங்கும். வீட்டுக்கு வரும் இரண்டு மின் இணைப்புகளில் ஒன்று துண்டிக்கப்பட்டால்கூட இயந்திரம் சூடில்லாமல் சுற்றும். சிங்கப்பூரில் இரண்டுமே 230 வோல்ட்டில் இயங்குவதால் அந்தக் காரணம் நமக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல இயந்திரங்களில், மோட்டார் சுற்றினால்தான் வெப்பமூட்டிக்கு மின்சாரம் போகும்படி ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். சுற்றியும் சூடாகாமல் இருந்தால் துணி காயாது, அவ்வளவுதான். சுற்றாமல் சூடானால் உள்ளேயிருக்கும் துணி கருகும். வடிவமைத்த பொறியாளர்கள் முதலாவதை அனுமதித்து, இரண்டாவதைத் தடுத்திருக்கிறார்கள்.

மூன்று காவலாளிகள்

வெப்பமூட்டியின் பாதையில் முக்கியமான பொருள்கள் மூன்று. மூன்றும் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் சூடு நின்றுவிடும்.

முதலாவது, வெப்பமூட்டும் கம்பி. இது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகக்கலவை. இதன் மின்தடைத்திறன் செம்பைப்போல் 60 மடங்குக்கும் மேல். சூடாகும்போது இதன் மேல் குரோமிய ஆக்சைடு படலம் உருவாகி, மேலும் ஆக்சிஜனேற்றம் நடக்காமல் காக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, கடைசியில் எங்காவது ஓரிடத்தில் அறுந்துபோகலாம்.

இரண்டாவது, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. இதனுள் இருப்பது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகத் தகடு. சூடு எல்லை மீறும்போது தகடு சட்டென்று வளைந்து மின்சுற்றைத் திறக்கும். ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் மூடும்.

மூன்றாவது, வெப்ப உருகி. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் இது மின்சுற்றை நிரந்தரமாகத் துண்டித்துவிடும். ஆறினாலும் திரும்பச் சேராது. ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும்.

பிளக்கிலுள்ள உருகி மின்னோட்டம் கூடினால் அறுவது. வெப்ப உருகி, சுற்றியுள்ள சூடு கூடினால் அறுவது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

ஓம் விதி சொன்ன பதில்

பழுதுபார்ப்பவர் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது என்பது அவர் கருத்து. பிறகு பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை எடுத்தார்.

அளப்பதற்கு முன்பே விடை எவ்வளவு வரவேண்டும் என்று நீங்களும் கணக்கிடலாம். மின்தடை என்பது வோல்ட்டின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தது. 230 × 230 ÷ 2,000 = 26.45 ஓம். அவர் கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு அளந்தார். கழற்றாவிட்டால் வேறு பாதைகளின் மின்தடையும் சேர்ந்து தவறான எண்ணைக் காட்டும். மீட்டர் 27 ஓம் என்றது. கம்பி நலம்.

கட்டுப்படுத்தியை அளந்தார். ஏறத்தாழ சுழியம். அதுவும் மூடியிருக்கிறது. வெப்ப உருகியை அளந்தார். மீட்டர் எந்த அளவையும் காட்டவில்லை. பாதை அங்கேதான் அறுந்திருந்தது.

உருகி அறுந்தது ஏன்?

கதை இங்கே முடிந்திருக்கலாம். உருகியை மாற்றிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவர் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். கம்பளித் துண்டுபோலப் பஞ்சுப் பிசிறு படிந்திருந்தது. இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்ததில், பின்பக்கக் குழாய் மடிந்து நசுங்கியிருந்தது. காற்று போக வழியில்லை.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 1,000 ஜூல் தேவை. கணக்குக்காக, வினாடிக்கு 0.06 கிலோகிராம் காற்று 2,000 வாட் வெப்பமூட்டியைக் கடந்து போவதாகக் கொள்வோம்.

2,000 ÷ (0.06 × 1,000) = 33 பாகை. 30 பாகையில் நுழைந்த காற்று 63 பாகையில் வெளிவரும்.

காற்றோட்டம் பாதியாகக் குறைந்தால் 67 பாகை கூடும். அதாவது 97 பாகை.

கால்பங்காகக் குறைந்தால் 133 பாகை கூடும். அதாவது 163 பாகை!

வெப்பமூட்டி அதே 2,000 வாட்தான். மாறியது காற்று மட்டும். அடைப்பு கூடக்கூட, கட்டுப்படுத்தி ஓயாமல் திறந்து மூடும். சூடு விட்டுவிட்டு வருவதால் துணி காய அதிக நேரமாகும். எங்கள் வீட்டிலும் பல வாரங்களாகவே ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. “பழைய மிஷின், அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டோம். அது இயந்திரம் கொடுத்த முதல் எச்சரிக்கை. உருகி அறுந்தது கடைசி எச்சரிக்கை.

“நேராச் சேர்த்துவிட்டா ஓடிடுமே!”

புதிய உருகி வர இரண்டு நாளாகும் என்றார் பழுதுபார்ப்பவர். பக்கத்தில் நின்ற என் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “இந்தச் சின்னச் சாமானுக்கு ரெண்டு நாளா? வயரை நேராச் சேர்த்து முறுக்கிவிட்டா ஓடிடுமே, தம்பி!”

“ஓடும் ஐயா. அப்புறம் நிறுத்தத்தான் ஆள் இருக்காது.”

பஞ்சுப் பிசிறு பெரும்பாலும் பருத்தி இழை. பருத்தி என்பது செல்லுலோஸ், தாளும் அதுதான். மெல்லிய இழைகளாகப் பிரிந்து கிடப்பதால் ஆக்சிஜன் படும் பரப்பு மிக அதிகம். ஆகவே எளிதில் பற்றும். வெப்பமூட்டி, எரிபொருள், விசிறி வீசும் காற்று மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

2016 ஆகஸ்ட் 19 அன்று மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்துப் பல மாடிகளுக்குப் பரவியது. உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல். தீ தொடங்கியது ஒரு துணி உலர்த்தும் இயந்திரத்தில் என்று லண்டன் தீயணைப்புப் படை கண்டறிந்தது. அந்த வகை இயந்திரங்களில் பிசிறு வெப்பமூட்டியில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்று அதற்கு முந்தைய ஆண்டே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. அடுக்குமாடி வீடுகளில் வாழும் நாம் மறக்கக் கூடாத செய்தி இது.

நாங்கள் இரண்டு நாள் காத்திருந்தோம். சீருடைகள் மின்விசிறிக்குக் கீழே தொங்கின. உருகியோடு கட்டுப்படுத்தியையும் சேர்த்தே மாற்றினார். பல வாரம் ஓயாமல் திறந்து மூடியதை நம்பி விடக்கூடாது என்றார். குழாயையும் நேராக்கி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டு உலர்த்தி சூடாகவில்லை என்றால், யாரையும் அழைப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. சூடில்லாத காற்றை மட்டும் வீசும் முறை தவறுதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா? சுழற்சியின் கடைசிச் சில நிமிடங்களில் இயந்திரம் துணியை ஆறவைக்க வேண்டுமென்றே சூடில்லாமல் சுற்றும். அது பழுதல்ல. அந்த நேரத்துக்கு முன் சூடான துணியை எடுத்துக் குவித்து வைக்காதீர்கள்.

2. வடிகட்டியில் பிசிறு இருக்கிறதா? ஒவ்வொரு முறை உலர்த்திய பிறகும் அகற்றுங்கள். வடிகட்டி வலைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே இறங்காமல் தேங்கி நின்றால், துணி மென்மையாக்கியின் படலம் துளைகளை அடைத்திருக்கலாம். சோப்புத் தண்ணீரில் மென்மையான தூரிகையால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பொருத்துங்கள்.

3. குழாய் மடிந்திருக்கிறதா என்று பெரியவர்களின் துணையோடு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு பாருங்கள்.

4. இயந்திரம் நேராகச் சுவர்ப் பிளக்கில் இணைந்திருக்கிறதா? 2,000 வாட்டுக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. மற்றச் சாதனங்களோடு சேர்த்து நீட்டிப்புக் கம்பியில் செருகினால் 13 ஆம்பியர் எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

5. சமையல் எண்ணெய் தோய்ந்த துணிகளை உள்ளே போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றுவதும் மின்தடையை அளப்பதும் பயிற்சி பெற்றவரின் வேலை. கருகும் வாடை வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். தீ என்றால் வீட்டைவிட்டு வெளியேறி 995ஐ அழையுங்கள்.

இப்போது பல வீடுகளில் வெப்பப் பம்பு வகை உலர்த்திகள் இருக்கின்றன. குளிர்பதனப் பெட்டியின் முறையில் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுபவை இவை. இவற்றின் பழுதுகள் வேறு. ஆனால் காற்றுப் பாதையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதி இவற்றுக்கும் உண்டு.

ஒரு பாதுகாப்புக் கருவி வேலையை நிறுத்தினால், அதை எப்படி மீண்டும் ஓடவைப்பது என்று கேட்பதற்கு முன், அது ஏன் நிறுத்தியது என்று கேளுங்கள். இன்று பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனதும், முதலில் அந்த வடிகட்டியை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.