விறகுக்குப் போன கதவு மேஜை ஆகுது! பெயிண்ட் தூசி மட்டும் உஷார்!

காரைக்காலில் பழைய ஓட்டு வீட்டை இடித்தால், ஓடு ஒரு பக்கம் குவியும். செங்கல் ஒரு பக்கம் குவியும். கதவு, நிலை, உத்திரம் எல்லாம் திண்ணை ஓரம் மழையில் கிடக்கும்.

"ஏன் ஆசாரியாரே, இதை விறகுக்குப் போட்டுடலாமா?" என்பார் வீட்டுக்கார அம்மா.

"அய்யய்யோ, வேணாம்மா! தாத்தா காலத்துத் தேக்கு!" என்று தடுப்பார் ஆசாரி.

அவர் சொல்வது நியாயம்தான். பர்மாவில் இருந்து தேக்கு தாராளமாக வந்த காலம் ஒன்று இருந்தது. 2014 ஏப்ரல் 1-ந்தேதி முதல் முழு மரமாக ஏற்றுமதி செய்ய அந்த நாடு தடை போட்டுவிட்டது. பல வருஷம் காய்ந்த கட்டை என்பதால் புது மரம் போல் சீக்கிரம் கோணாது.

என்னென்ன செய்யலாம்?

கதவைப் படுக்கவைத்து நாலு கால் கொடுத்தால் மேஜை. உத்திரத்தை அறுத்தால் பெஞ்ச். மிச்சத் துண்டில் உட்காரும் மணை!

முதலில் தட்டிப் பார்க்கவேண்டும். 'கணீர்' என்றால் நல்ல மரம். 'பொத்' என்றால் உள்ளே கரையான் வேலை! தரையில் பதிந்திருந்த நிலையின் அடிப்பகுதி பெரும்பாலும் இற்றுப் போயிருக்கும். அதை வெட்டித் தள்ளிவிட வேண்டும்.

அடுத்து காந்தத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். உள்ளே ஒரு இரும்பு ஆணி ஒளிந்திருந்தாலும் இழைப்புளியின் வாய் போச்சு!

பெயிண்டில் காரீயம்!

ஆனால் ஆணியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது பழைய பெயிண்ட்!

அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் இருக்கலாம். 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்தால் தூசி பறக்கும். அது குழந்தையின் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியே பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

எனவே பெயிண்ட் அடித்த மரத்தைத் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே, வெளியில் வைத்துச் சுரண்டவேண்டும். முகமூடி அவசியம். சுரண்டிய செதிலைச் சிந்தாமல் அள்ளிக் கட்டிவிடவேண்டும். அடுப்பில் போடவே கூடாது!

தொட்டில், நடைவண்டி, காய் நறுக்கும் பலகை செய்வதென்றால் பெயிண்டே படாத கட்டைதான் நல்லது.

இவ்வளவையும் கவனித்துவிட்டால், தாத்தா தாழ்ப்பாள் போட்ட கதவில் பேத்தி வீட்டுப்பாடம் எழுதுவாள்!