பற்றரி செத்ததா, சார்ஜ் ஏறவில்லையா?

போர்க்காலத்தில் பற்றரியின் அருமையை நாம் வேறுவிதமாக அறிந்திருந்தோம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களில் பெற்றோலோடு ரோர்ச் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனரை ஓட்டினார்கள். இன்று கடையில் பற்றரி தாராளமாக இருக்கிறது. பணம்தான் இல்லை. தவணைக்கு எடுத்த ஓட்டோவை வைத்துக் குடும்பம் நடத்தும் ஒருவருக்குத் தேவையில்லாமல் வாங்கும் ஒரு பற்றரி, அந்த மாதத் தவணையையே விழுங்கிவிடும்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்தார்கள். இப்போது பாலம் உண்டு. ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி வந்தால், அயலில் நிற்கும் வாகனம் ஸ்ராட் ஆகவேண்டும். அதனால் இது கராஜ்காரருக்கு மட்டும் உரிய விடயம் அல்ல.

காலையில் வண்டி 'டக் டக்' என்று மட்டும் சொன்னால் பலரும் உடனே பற்றரியை மாற்றுகிறார்கள். புதியது இரண்டு கிழமையில் மீண்டும் படுத்துவிடும். காரணம், பற்றரி வெறும் தண்ணீர்த்தாங்கி மாதிரி. அதை நிரப்புவது எஞ்ஜின் பெல்ற்றில் சுழலும் அல்ரனேற்றர். நிரப்புபவர் நிரப்பவில்லையா, தாங்கி ஓட்டையா, அல்லது இரவில் யாரோ குழாயைத் திறந்து விட்டிருக்கிறாரா என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

இதற்குச் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பற்றரியில் காலையில் முதல் வேலையாக அளவுங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலி என்றே வையுங்கள். பிறகு ஸ்ராட் செய்யும்போது ஒருவரை மீற்றரைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்த பற்றரியே அந்நேரம் 9.6க்குக் கீழே விழுந்தால் பிழை பெரும்பாலும் பற்றரியில்தான். எஞ்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். ஹெட்லைற்றையும் காற்றாடியையும் போட்டு, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்தாலும் 13.5க்குக் கீழே இறங்கக்கூடாது. 12.4இல் நின்று மெல்ல மெல்லக் குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் போய்விட்டது. பற்றரி கொதித்து, கூழ்முட்டை நாற்றம் வரும். புதிய ஜப்பான் வாகனங்கள் சில எரிபொருளை மிச்சப்படுத்த இடையிடையே சார்ஜைக் குறைக்கும். அவற்றில் ஹெட்லைற்றைப் போட்டுவிட்டே அளக்கவேண்டும்.

மீற்றர் இல்லையா? சாவியைத் திருப்பியதும் டாஷ்போட்டில் சிவப்புப் பற்றரி விளக்கு எரிந்து, எஞ்ஜின் ஓடியதும் அணையவேண்டும். ஓடும்போது எரிந்தால் பிழை என்பது எல்லோருக்கும் தெரியும். தொடக்கத்திலேயே எரியாவிட்டாலும் பிழைதான்! பழைய வாகனங்களில் அந்தச் சின்னப் பல்ப் வழியாகத்தான் அல்ரனேற்றருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்ப் எரிந்துபோனால் சார்ஜும் நின்றுவிடலாம்.

பழைய மெக்கானிக்மார் சிலர் இன்னும் செய்யும் ஒரு சோதனை உண்டு: எஞ்ஜின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றிப் பார்ப்பது. டைனமோ பூட்டிய கார்களின் காலத்துப் பழக்கம் அது. அல்ரனேற்றர் உள்ள வண்டியில் வயரைக் கழற்றிய கணத்தில் வோல்ற் எகிறி டயோட்டையும் கம்பியூட்டர் பெட்டியையும் எரித்துவிடும். எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும் விடாதீர்கள்.

அல்ரனேற்றரைக் குற்றம் சாட்டுமுன் வயர்களைப் பாருங்கள். எங்கள் வாவிக்கரையில் இதுதான் முதற் சந்தேகம். கல்லடி, நாவலடிப் பக்கம் உப்புக்காற்று. மழைக்காலத்தில் படுவான்கரை வீதிகளில் வெள்ளம். பற்றரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், மைனஸ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, காய்ந்தபின் வசலீன் பூசிப் பூட்டுங்கள். மைனஸ் வயர் பொடியில் பூட்டியிருக்கும் இடத்தையும் கழற்றிச் சுரண்டவேண்டும். அங்கே துரு ஒளிந்திருக்கும். எஞ்ஜின் ஓட, லைற் எரிய, மீற்றரின் ஒரு முனையை அல்ரனேற்றரின் தடித்த வயர் பூட்டிய இடத்திலும் மறுமுனையைப் பற்றரியின் பிளஸிலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வயரில்தான் பிழை. மழையில் மட்டும் கீச்சிடும் வண்டிக்குப் பெல்ற்றை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும்.

சார்ஜ் சரி, பற்றரியும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் படுத்துவிடுகிறதா? இரவில் மின்சாரம் ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டி, சற்றுப் பொறுத்து, மைனஸ் வயருக்கும் பற்றரிக்கும் இடையில் மீற்றரை அம்பியரில் வைத்துப் பாருங்கள். 0.05 அம்பியர் வரை இயல்பு. அரை அம்பியர் என்றால் இரண்டு நாளில் 24 அம்பியர்-மணி போய்விடும். 45 அம்பியர்-மணிப் பற்றரியில் அது பாதிக்கு மேல். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் குறைகிறது என்று தேடலாம். பெரும்பாலும் பின்னர் பூட்டிய செற், அலாரம், கமரா இவற்றில் ஒன்று பிடிபடும். எந்தப் பியூஸிலும் குறையாவிட்டால் அல்ரனேற்றரின் டயோட்டைச் சந்தேகியுங்கள்.

அல்ரனேற்றரே பிழை என்றாலும் முழுதாக மாற்றவேண்டும் என்றில்லை. காபன் பிறஷ், றெகுலேற்றர், டயோட் தட்டு ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஐந்து ஆண்டுகள் பழையவற்றைத் திருத்தியே ஓடிய நாடு இது. அந்த வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் பாகம் போனது என்று கேளுங்கள், கழற்றியதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஹைபிரிட் கார்களுக்கு இதில் பாதி பொருந்தாது. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் அல்ரனேற்றரே இல்லை. பெரிய பற்றரியிலிருந்துதான் 12 வோல்ற் பற்றரி நிரம்புகிறது. சிறிய பற்றரியின் வோல்ற்றை அளக்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் தொடவேண்டாம். அவற்றில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லும்.